பழைய விண்டோஸுக்கும் பழைய லினக்ஸுக்கும் எந்த ஃபயர்வால் பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமும், ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்கும் வேலைக்குப் போவது உண்டு. எடை மேடை, போட்டோ ஸ்டுடியோ, லேத் பட்டறை, ரத்தப் பரிசோதனை லேப் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மெஷின்களை வைத்திருப்பவர்கள் ஃபயர்வால் பற்றி, அதாவது நெட்வொர்க் வழியாக வந்துபோவதைத் தடுக்கும் காவலைப் பற்றி, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் அதைத்தானே சொல்லப்போகிறீர்கள்?

முடிந்தால் மாற்றுங்கள், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எல்லோராலும் முடிவதில்லை. எடை மேடை சாஃப்ட்வேரின் டாங்கிள் (மாட்டினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் சாவி) பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகுகிற மாதிரி இருக்கும். அதை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டிருப்பார். ஸ்டுடியோவில் பல லட்சம் கொடுத்து வாங்கிய பிரிண்டிங் மெஷினுக்கு டிரைவர் எக்ஸ்பியோடு நின்றுபோயிருக்கும். கம்ப்யூட்டரை மாற்றினால் மெஷினையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்தப் பக்கத்தை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எதுவரை "பழையது" என்று கணக்கு?

தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை நிறுத்திய நாளிலிருந்து. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் அதற்கு முன்பு வரை "என்னோடது புதுசுதான்" என்று சொன்ன பல கடைக்காரர்களும் இப்போது இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், நான் எதைப் போட வேண்டும்?

எக்ஸ்பி என்றால் அதோடு வந்த ஃபயர்வாலே போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ரூட்டர் நிற்க வேண்டும், அந்த மெஷினுக்கு இன்டர்நெட் இருக்கக் கூடாது. விண்டோஸ் 7 என்றால் உள்ளே இருக்கும் ஃபயர்வாலை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். கையாளச் சிரமமாக இருந்தால் டைனிவால், விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல் என்ற கருவிகளில் ஒன்றைப் போடலாம். பழைய லினக்ஸ் என்றால் யுஎஃப்டபிள்யூ என்ற கருவி. காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன். காரணம் தெரியாமல் போட்ட ஃபயர்வாலை முதல் தொந்தரவு வந்த அன்றே யாராவது அணைத்துவிடுவார்கள்.

ஃபயர்வால் உண்மையில் என்ன செய்கிறது? வைரஸைப் பிடிக்குமா?

பிடிக்காது. ஆன்டிவைரஸ் செய்யும் வேலை வேறு.

புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச்சாவடி தெரியும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குள் வருகிற வண்டியை நிறுத்தி, பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற வண்டியை அந்த அளவுக்குத் துருவ மாட்டார்கள். எக்ஸ்பியின் ஃபயர்வால் அப்படியே இதுதான். உள்ளே வருவதை மட்டும் தடுக்கும், வெளியே போவதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இரண்டு பக்கமும் தடுக்கிற வசதி வந்தது. ஆனால் அங்கும் வெளியே போவதைத் தானாகத் தடுக்காது, நாம் சொன்னால்தான் தடுக்கும்.

இன்னொன்று. ஃபயர்வால் பார்ப்பது வண்டி எங்கிருந்து வருகிறது, எந்த வாசலுக்குப் போகிறது என்பதை மட்டும். மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாசல் என்றால் போர்ட். ஒரு கம்ப்யூட்டரில் டிசிபி என்ற தொடர்பு முறைக்கு மட்டும் 65,535 போர்ட்கள் உண்டு. ஃபைல் ஷேரிங்குக்கு 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண். நீங்களாகவே ஒரு இணையதளத்தைத் திறந்து அங்கிருந்து கெட்டதை இறக்கிக்கொண்டால், "இவர் கேட்டது வருகிறது" என்று ஃபயர்வால் வழிவிட்டுவிடும்.

அப்படியென்றால் எக்ஸ்பியில் இருக்கும் ஃபயர்வாலால் பயன் இல்லையா?

நிறைய இருக்கிறது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால் மதிப்புப் புரியும்.

2001-ல் எக்ஸ்பி வந்தபோதே அதில் ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் தானாக ஆன் ஆகாது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் புழு பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையே இல்லை. மோடமை மாட்டி இன்டர்நெட்டுக்குப் போன சில நிமிடங்களில் 135-ஆம் போர்ட் வழியாக உள்ளே வந்துவிடும். "60 நொடியில் சிஸ்டம் அணையும்" என்று ஒரு பெட்டி வந்து எண்ணிக்கை குறையும். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அதற்கான திருத்தம் ஒரு மாதம் முன்பே, ஜூலையிலேயே வந்துவிட்டது. போட்டவர்கள்தான் குறைவு. மறு வருடம் சாஸர் புழு 445-ஆம் போர்ட் வழியாக இதே மாதிரி வந்தது.

2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற திருத்தத் தொகுப்பு ஃபயர்வாலைத் தானாக ஆன் செய்தது. அந்த ஒரு மாற்றத்தால் இந்த வகைப் புழுக்களுக்குப் பெரிய கதவு மூடியது. ஆகவே உங்கள் எக்ஸ்பியில் முதலில் பார்க்க வேண்டியது, மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் சர்வீஸ் பேக் 3 என்று இருக்கிறதா என்பதை. இல்லை என்றால் வேறு எந்த ஃபயர்வாலைப் பற்றியும் யோசிக்க வேண்டாம், முதலில் அதைப் போடுங்கள்.

அப்புறம் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபயர்வாலைத் திறந்து ஆன் செய்யுங்கள். அந்த மெஷின் யாருக்கும் எதையும் ஷேர் செய்யத் தேவையில்லை என்றால், கீழே இருக்கும் "டோன்ட் அலோ எக்செப்ஷன்ஸ்" என்பதையும் டிக் செய்யுங்கள். அவ்வளவுதான், உள்ளே வரும் எல்லா வாசலும் மூடிவிட்டது. ஷேரிங் வேண்டும் என்றால் எக்செப்ஷன்ஸ் பகுதியில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை எடிட் செய்து, "சேஞ்ச் ஸ்கோப்" என்பதை அழுத்துங்கள். அதில் கஸ்டம் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பில்லிங் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்) மட்டும் அங்கே எழுதினால், அந்த ஒரு மெஷினைத் தவிர வேறு எதனாலும் உள்ளே வர முடியாது. இந்த வசதியை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லை. எக்ஸ்பி ஃபயர்வாலில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஃபயர்வால் ஆன் செய்தால் பில்லிங் ஷேர் ஆகவில்லை. அணைத்துவிட்டால் ஓடுகிறது. அணைத்தே வைக்கலாமா?

வைக்காதீர்கள். நான் பார்த்த சேதங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

பண்ருட்டிப் பக்கம் ஓர் எடை மேடை. அலுவலகத்திலிருந்து எடைச் சீட்டைப் பார்க்க முடியவில்லை என்று யாரோ ஒருவர் ஃபயர்வாலை அணைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு வேலை நடந்தது, யாருக்கும் குறை இல்லை. சில மாதம் கழித்து, விருந்தாளியாக வந்த ஒருவரின் லேப்டாப் அதே வைஃபையில் சேர்ந்தது. அதிலிருந்த புழு எடை மேடைக் கம்ப்யூட்டருக்குள் போய் எல்லாச் சீட்டையும் பூட்டிவிட்டது. பலா சீசன், லாரிகள் வரிசையில் நிற்கின்றன, அந்த அண்ணன் கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்து நிமிட வேலையைச் செய்யாததால் வந்த நஷ்டம் அது.

அந்தப் பத்து நிமிட வேலை என்ன என்று சொல்கிறேன். ஃபயர்வாலை ஆன் செய்துவிட்டு, லாகிங்கை, அதாவது தடுத்ததைக் குறித்துவைக்கும் வசதியை, ஆன் செய்யுங்கள். எக்ஸ்பியில் அட்வான்ஸ்ட் பகுதியில் செக்யூரிட்டி லாகிங் இருக்கிறது, "லாக் டிராப்ட் பாக்கெட்ஸ்" என்பதை டிக் செய்ய வேண்டும். இப்போது பில்லிங்கை இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து திறந்து பாருங்கள். ஓடாது. உடனே லாக் ஃபைலைத் திறந்தால் எந்த ஐபியிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு வந்தது தடுக்கப்பட்டது என்று வரிவரியாக இருக்கும். அந்தப் போர்ட்டை, அந்த ஐபிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். டேலி மாதிரியான சாஃப்ட்வேரில் டேட்டா ஷேர் ஆவது வழக்கமாக 445 வழியாக. டேலி ஈஆர்பி 9 தன் சொந்தப் பேச்சுக்கு 9000, லைசென்ஸுக்கு 9999 என்று வைத்திருக்கும். செட்டிங்ஸில் மாற்றியிருந்தால் லாக் காட்டிக்கொடுத்துவிடும்.

சோன் அலாரம், சைகேட், கெரியோ என்று பழைய ஃபயர்வால் சிடி நண்பரிடம் இருக்கிறது. அதைப் போடலாமா?

ஒரு காலத்தில் நானும் சோன் அலாரத்தை நம்பிப் போட்டவன். வெளியே போவதையும் தடுத்து, "இந்த புரோகிராம் இன்டர்நெட்டுக்குப் போகப் பார்க்கிறது, விடலாமா?" என்று கேட்கும். எக்ஸ்பியால் முடியாத வேலை அது. ஆனால் அன்று நல்லதாக இருந்தது இன்றும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சைகேட்டை 2005-ல் சைமன்டெக் வாங்கி நிறுத்திவிட்டது. அவுட்போஸ்ட் என்ற இன்னொன்றும் நின்றுபோய்விட்டது. இப்போதைய பதிப்புகள் எக்ஸ்பியில் ஏறாது. ஏறுகிற பழைய பதிப்புக்குத் திருத்தம் கிடையாது.

ஃபயர்வால் என்பது சிஸ்டத்தின் அடிமட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற சாஃப்ட்வேர். அதிலேயே ஓட்டை இருந்தால், வீட்டுக்குக் காவல் வைத்தவனிடமே சாவி போன மாதிரி. இன்னொரு ஆபத்து, இவற்றைத் தேடிப் போகிற டவுன்லோட் தளங்கள். பழைய சாஃப்ட்வேர் என்ற பெயரில் வேறு எதையாவது ஒட்டிக் கொடுப்பவர்கள் அங்கே நிறையப் பேர். அதனால் எக்ஸ்பிக்கு நான் இப்போது வெளி ஃபயர்வால் எதையும் போடுவதில்லை. வெளியே போவதைத் தடுக்க ரூட்டர் இருக்கிறது.

ஒன்றுக்கு இரண்டு ஃபயர்வால் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?

ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு வேண்டாம். ஒன்றோடு ஒன்று மோதி நெட்வொர்க் விட்டுவிட்டு வரும், எது தடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ரூட்டரில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று என்றால் நல்லது. அதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

விண்டோஸ் 7-க்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கே உண்மையாகவே தேர்வு செய்ய இடம் இருக்கிறது. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் என்ற அடித்தளம் உள்ளேயே வந்துவிட்டது. வெளியாட்கள் எழுதும் கருவிகள் அதன் மேலேயே நிற்கலாம், சொந்தமாக டிரைவர் எழுதிச் செருக வேண்டியதில்லை. அந்த மாதிரிக் கருவிகளைத்தான் நான் நம்புகிறேன்.

வெளியே போவதைத் தடுப்பதுதான் விண்டோஸ் 7-ல் நாம் செய்ய வேண்டிய முக்கியமான வேலை. உள்ளிருக்கும் ஃபயர்வாலிலேயே அதைச் செய்யலாம். கன்ட்ரோல் பேனல், விண்டோஸ் ஃபயர்வால், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், பிறகு பிராபர்ட்டீஸ். அங்கே அவுட்பவுண்ட் என்பதை பிளாக் என்று மாற்றுங்கள். பிறகு தேவையான புரோகிராம்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாக ரூல் போடுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் எக்ஸ்போர்ட் பாலிசி கொடுத்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் இம்போர்ட் செய்து பழைய நிலைக்கு வந்துவிடலாம். இரண்டு மூன்று புரோகிராம் மட்டும் ஓடுகிற லேப் மெஷினுக்கு இதுவே சிறந்தது, கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம்.

தினமும் மனிதர் உட்கார்ந்து பல வேலை செய்கிற மெஷின் என்றால் கையால் ரூல் எழுதுவது அலுத்துவிடும். அங்கே டைனிவால் வசதி. சிறியது, இலவசம், நடுவில் நடுவில் கேள்வி கேட்டுத் தொல்லை செய்யாது. அனுமதித்ததைத் தவிர மற்றதைச் சத்தமில்லாமல் தடுத்துவிடும், தேவையான புரோகிராமின் ஜன்னலைச் சுட்டிக்காட்டி அனுமதி கொடுக்கலாம். கடைப் பையன்கள் எதற்கெடுத்தாலும் "எஸ்" அழுத்துகிற இடத்தில் கேள்வி கேட்காத ஃபயர்வால்தான் சரி.

கேள்வி கேட்க வேண்டும், எந்த புரோகிராம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்கு விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல். இது தனி ஃபயர்வால் அல்ல. விண்டோஸ் ஃபயர்வாலுக்கே எளிய முகப்பு. அதனால் விண்டோஸ் ஃபயர்வால் ஆனில் இருக்க வேண்டும். சிம்பிள்வால் இதற்கு நேர் எதிர். அது விண்டோஸ் ஃபயர்வாலோடு எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொள்ளாமல் நேராக அடித்தளத்தில் ரூல் போடும். விஷயம் தெரிந்தவர் கையில் அருமையான கருவி. தெரியாதவர் கையில் கொடுத்தால் பிரிண்டர்கூட ஓடவில்லை என்று இரவு போன் வரும்.

எதை இறக்கினாலும் அதை எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். அந்தப் பதிப்பு விண்டோஸ் 7-ஐ ஆதரிக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் கோட்டை விடுவது. விண்டோஸ் 7 புது நெட்வொர்க்கைப் பார்த்ததும் ஹோம், ஒர்க், பப்ளிக் என்று கேட்கும். ஷேரிங் தேவையில்லாத மெஷினுக்கு எப்போதும் பப்ளிக் கொடுங்கள்.

ரூட்டர்தான் முக்கியம் என்கிறீர்கள். அதில் என்ன செய்ய வேண்டும்?

ஆதரவு நின்றுபோன சிஸ்டத்தின் பாதுகாப்பை அந்தச் சிஸ்டத்திடமே ஒப்படைக்கக் கூடாது. இடிந்த சுவருக்கு உள்ளே எத்தனை பூட்டு போட்டாலும் அது இடிந்த சுவர்தான். காவல் வெளியே நிற்க வேண்டும். ஃபைபர் கனெக்‌ஷனோடு வந்த ரூட்டரே அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். ஒரு பொது முகவரிக்குப் பின்னால் எல்லா மெஷினும் ஒளிந்திருப்பதால், வெளியிலிருந்து யாரும் அழைக்காமல் வர முடியாது. 2003-ல் டயல்-அப் மோடம் நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்ததும் பிளாஸ்டர் அவ்வளவு வேகமாகப் பரவ ஒரு காரணம்.

ரூட்டருக்குள் போய் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரூட்டரை மாற்றுவது), யுபிஎன்பி (புரோகிராம்கள் தாமாகவே போர்ட் திறப்பது), டபிள்யூபிஎஸ் (பட்டனிலோ பின் எண்ணிலோ வைஃபையில் சேர்வது) மூன்றையும் அணையுங்கள். யாராவது முன்பு போட்டுவைத்த போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே வர ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவது) இருந்தால் நீக்குங்கள்.

அடுத்து, பழைய மெஷினை இன்டர்நெட்டிலிருந்து பிரிப்பது. எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்குவது) இரண்டையும் காலியாக விட்டுவிடுங்கள். கடைக்குள் பிரிண்டரோடும் பில்லிங்கோடும் பேசும், கடையைத் தாண்டி வெளியே போக வழி தெரியாது. ஒரு பைசா செலவில்லை. இதோடு ரூட்டரின் ஆக்சஸ் கன்ட்ரோலிலும் அந்த மெஷினுக்கு இன்டர்நெட்டைத் தடுத்துவிட்டால், யாராவது தெரியாமல் செட்டிங்கை மாற்றினாலும் கவலை இல்லை.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பவர்கள் கெஸ்ட் நெட்வொர்க்கில் மட்டும் கொடுங்கள். மேலே சொன்ன எடை மேடையில் இது ஒன்று இருந்திருந்தால் அந்த லேப்டாப்பால் எதுவும் செய்திருக்க முடியாது.

ஐபிவி6 என்ற புது வகை முகவரி பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது பல ஃபைபர் இணைப்புகளில் அது வருகிறது. அதில் ஒளிந்துகொள்ளும் ஏற்பாடு கிடையாது, ஒவ்வொரு மெஷினுக்கும் நேரடி முகவரி. எக்ஸ்பியில் அது தானாக ஆன் ஆவதில்லை. விண்டோஸ் 7-ல் ஆகும். ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் பிராபர்ட்டீஸில் ஐபிவி6 டிக்கை எடுத்துவிடுங்கள்.

தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு பக்கம் பத்துப் பதினைந்து மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்காரர்கள், பழைய கம்ப்யூட்டரில் இரண்டு லேன் கார்டு போட்டு ஓபிஎன்சென்ஸ் மாதிரி ஒரு ஃபயர்வால் செய்யலாமா என்று கேட்கிறார்கள். நன்றாகச் செய்யலாம். ஆனால் நாள் முழுக்க ஓடும் கம்ப்யூட்டர், கரன்ட் போனால் பெரிய யுபிஎஸ் வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் சாஃப்ட்வேர் ஏறுகிற ஒரு சிறிய ரூட்டர் வாங்கினால் சின்ன யுபிஎஸ்ஸிலேயே பல மணி நேரம் ஓடும், ஃபயர்வால் வேலையும் அதே அளவு சுத்தம். நான் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

புது விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கினேன், எக்ஸ்பியின் ஷேரை அது திறக்க மாட்டேன் என்கிறது. இது ஃபயர்வால் பிரச்சினையா?

இல்லை. எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒரே ஷேரிங் மொழி எஸ்எம்பி 1. புது விண்டோஸில் 2017-க்குப் பிறகு அதைத் தானாக நிறுவுவதில்லை. "விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்" என்று யூடியூப் வீடியோக்கள் சொல்லும். அதைச் செய்யாதீர்கள்.

2017 மே 12-ல் வானாகிரை உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான், அதே 445-ஆம் போர்ட்டில். பாதிக்கப்பட்டதில் பெரும்பாலானவை திருத்தம் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள். மார்ச்சிலேயே திருத்தம் வந்திருந்தது. நிலைமை மோசமானதும் ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை தெரிந்தபோதும் அப்படியே செய்தது. இந்த இரண்டு திருத்தங்களும் உங்கள் எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் கட்டாயம் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

ஷேரிங்குக்கு என்ன வழி என்றால், நடுவில் ஒரு மெஷின். சிறிய லினக்ஸ் பெட்டி போதும். எக்ஸ்பி அதில் ஃபைலைப் போடும், புது கம்ப்யூட்டர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டும் நேரில் பேசிக்கொள்ளவே வேண்டாம். எக்ஸ்பியின் ஐபி நடுப்பெட்டியைத் தவிர வேறு எதையும் தொட முடியாதபடி மற்ற மெஷின்களின் ஃபயர்வாலில் ரூல் எழுதிவிடலாம்.

வீட்டிலிருந்து கடை மெஷினைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் வேண்டும். 3389 போர்ட்டைத் திறந்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். இன்டர்நெட்டில் திறந்த 3389-ஐத் தேடிக்கொண்டே இருக்கும் கருவிகள் இரவு பகலாக ஓடுகின்றன. எண்ணை மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) உள்ள ரூட்டர் போட்டு, முதலில் விபிஎன்னில் நுழைந்து பிறகு மெஷினைத் திறங்கள்.

பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது. பாஸ் லினக்ஸும் இருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்?

2011-ல் தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. நம் பக்கத்து வீடுகளில் அந்த லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன, தம்பி தங்கைகள் படிக்கப் பயன்படுத்துகிறார்கள். அதைப் பாதுகாப்பாக வைத்திருப்பது எனக்கு மனதுக்கு நெருக்கமான வேலை.

லினக்ஸில் ஃபயர்வால், கெர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. நாம் போடுவது அதை இயக்கும் கருவி மட்டும்தான். 2001-ல் வந்த 2.4 கெர்னலிலிருந்து ஐபிடேபிள்ஸ். 2014-ல் வந்த 3.13 கெர்னலிலிருந்து என்எஃப்டேபிள்ஸ். இன்று இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் புதியதைப் பற்றியே பேசும். அதைப் பழைய கெர்னலில் அடித்துப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடாதீர்கள், உங்களுடையது ஐபிடேபிள்ஸ்.

அதைக் கையால் எழுதத் தேவையில்லை. யுஎஃப்டபிள்யூவை நிறுவி, உள்ளே வருவது எல்லாவற்றுக்கும் டினை, வெளியே போவதற்கு அலோ, பிறகு எனேபிள். மூன்று கட்டளை, முடிந்தது. கட்டளை பயமாக இருந்தால் ஜியுஎஃப்டபிள்யூ என்ற ஜன்னல் வடிவம் இருக்கிறது, ஒரு ஸ்விட்சைத் தள்ளினால் போதும். ஆனால் அந்த லேப்டாப்பில் இடம் இருந்தால், இப்போது ஆதரவில் இருக்கும் ஓர் இலேசான லினக்ஸை ஏற்றிவிடுங்கள். எக்ஸ்பி மெஷின் மாதிரி இதைப் பழையதிலேயே கட்டிப்போடும் டிரைவரோ டாங்கிளோ எதுவும் இல்லை.

பழைய மேக் வைத்திருக்கிறேன்.

சிஸ்டம் பிரிஃபரன்சஸில் செக்யூரிட்டி பகுதியில் ஃபயர்வால் இருக்கிறது, வழக்கமாக ஆஃபில் இருக்கும். ஆன் செய்து, ஸ்டெல்த் மோடையும் (வெளியிலிருந்து துழாவினால் பதில் சொல்லாமல் இருப்பது) டிக் செய்யுங்கள். உள்ளே வருவதை மட்டுமே அது தடுக்கும்.

டோட்டல் செக்யூரிட்டி ஆன்டிவைரஸ் வாங்கினால் ஃபயர்வாலும் சேர்ந்தே வருகிறதே?

வரும். அது வந்ததும் விண்டோஸ் ஃபயர்வாலின் பொறுப்பைத் தான் எடுத்துக்கொள்ளும். வருடம் முடிந்து லைசென்ஸ் தீர்ந்த பிறகு என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. விண்டோஸ் 7-ல் ஆக்‌ஷன் சென்டரைத் திறந்து, ஏதாவது ஒரு ஃபயர்வால் உண்மையில் ஓடுகிறதா என்று லைசென்ஸ் முடியும் தேதியன்று பாருங்கள்.

போட்ட ஃபயர்வால் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதே நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டரில் என்மேப் என்ற போர்ட் சோதிக்கும் கருவியை நிறுவி, பழைய மெஷினின் ஐபியைக் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். நீங்கள் திறந்த போர்ட் மட்டும்தான் திறந்ததாகத் தெரிய வேண்டும். 135, 139, 445 என்று வரிசையாகத் திறந்திருந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க ஷீல்ட்ஸ்-அப் என்ற இலவசத் தளம் பல வருடமாக இருக்கிறது, அது சோதிப்பது உங்கள் ரூட்டரை. சில இணைப்புகளில் நெட் கொடுப்பவரே பலருக்குச் சேர்த்து ஒரே முகவரி வைத்திருப்பார். அங்கே அந்தச் சோதனை உங்கள் ரூட்டரைத் தொடாது. "எல்லாம் மூடியிருக்கிறது" என்ற பதிலை நம்பி ரூட்டரை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் செய்துவிட்டேன். எக்ஸ்பியில் பேங்க் வேலை பார்க்கலாமா?

கூடாது. எக்ஸ்பிக்கு வந்த கடைசி குரோம் 49, விண்டோஸ் 7-க்கு 109. பிரவுசர் வழியாக வருவது நீங்கள் அழைத்து வருவது, ஃபயர்வால் அதை நிறுத்தாது. பேங்க், ஜிஎஸ்டி, மெயில் எல்லாவற்றையும் போனிலோ புது மெஷினிலோ பாருங்கள்.

பென்டிரைவும் அப்படித்தான். 2008-ல் வந்த கான்ஃபிக்கர் நெட்வொர்க் வழியாகவும் பரவியது, பென்டிரைவ் வழியாகவும் பரவியது. எக்ஸ்பியில் ஆட்டோரன்னை (பென்டிரைவ் மாட்டியதும் தானாக ஓடுவது) அணைத்து, அந்த மெஷினுக்கென்று ஒரே ஒரு பென்டிரைவ் ஒதுக்கி, கடைப் பெயர் எழுதி அதன் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

ஹார்ட்டிஸ்கே போய்விட்டால்?

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். 2011 டிசம்பர் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. எந்த ஃபயர்வாலும் தண்ணீரைத் தடுக்காது. அந்த எக்ஸ்பி டிஸ்க்கை முழுதாக குளோன், அதாவது அச்சு அசல் நகல், எடுத்து, இன்னொரு டிஸ்க்கில் போட்டு, அதே மெஷினில் மாட்டி பூட் ஆகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு வீட்டில் மாடியில் வையுங்கள். ஃபயர்வால் ரூல்களும் அந்த குளோனிலேயே இருக்கும்.

இரவு கடை மூடும்போது ரூட்டரை அணைத்துவிட்டால் போதுமா?

கேமராவுக்கு நெட் தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள், நல்ல பழக்கம். ஆனால் காலையில் ஆன் செய்ததும் பழைய மெஷினில் ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் பில்லைப் போடுங்கள்.